நான்காம் தொட்டி

திங்கள் காலை ஆறு மணி.
அளவுருளையில் ஒரு லிட்டர் சேறு.
முப்பது நிமிடம் யாரும் தொடக்கூடாது.
நல்ல சேறென்றால் கால்மணியில்
தன் எடை ஞாபகம் வந்து அடியில் அமர்ந்துவிடும்,
மேலே நீர் தெளிந்து நிற்கும்.
இது அமரவில்லை.
தொள்ளாயிரத்து அறுபதில் கோடு.
நனைந்த கம்பளிபோல் உருளை நிறைய நின்றது.

"உங்க முருகன் என் தொட்டியில் நுரைக்கிறார், மூன்சாமி."
டெர்க்சன், காப்பிக் கோப்பையோடு.

நேற்று வெருலத்தில் காவடி.
பால்குடம் எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.
கோமுகத்தில் வழிந்த பால் எந்தக் குழாயில் சேரும் என்று
வரிசையில் நிற்கும்போதே தெரியும் எனக்கு.
இந்த வேலைக்காரிக்குக் கோயிலிலும்
வாட்டம்தான் முதலில் கண்ணில் படும்.

நானூறு குடம், குடத்துக்கு ஒரு லிட்டர்.
நாளொன்றுக்கு எண்பது லட்சம் லிட்டர் சாக்கடையில்
அது எம்மாத்திரம்?
தவிர, இழைகள் ஒரே இரவில் வளராது.
நுண்ணோக்கியில் பார்த்தேன்:
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
சிக்குவிழுந்த தலைமுடி.
வாரக்கணக்கில் யாரோ ஊட்டி வளர்த்தது.

கசடு நீங்கவேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள்.
எனக்குச் சம்பளம் அது நீங்காமல் பார்த்துக்கொள்ள.
காற்றுக் கொடு, தின்னக் கொடு, அசைத்துக்கொண்டேயிரு.
வேகமாகக் கலக்கினால் மோர்.
மெல்லக் கலக்கினால் கூழ்.
விட்டுவிட்டாலோ,
எவ்வளவு நேரம் விட்டோம் என்று எண்ணி வைத்திருந்து
அத்தனைக்கும் சேர்த்து இறுகும்.
ஓர் அளவு வரைக்கும் தள்ளினால் அது திடம்.
அதற்கு மேல் ஒரு துளி தள்ளினாலும் திரவம்.
என் தங்கை கோகிலமும் அப்படித்தான்:
பேசாமலிருந்த நாளுக்குத் தக்கபடி
முதல் வார்த்தை கனக்கும்.

அன்றிரவு மின்வெட்டு, அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.
காற்றூதிகள் ஓய்ந்ததும்
ஆற்றங்கரைத் தவளைகள் கேட்டன.
மின்சாரம் வந்தபோது
திருப்பு பம்பு ஒருமுறை முனகி ட்ரிப் ஆனது.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.
குழாய்க்குள் சேறு படுத்துவிட்டிருந்தது.

சென்ஸோ ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டே போனான்,
நெஞ்சுச்சளி பார்க்கும் டாக்டர்போலக் காதை வைத்து:
"இங்கே கெட்டி. இங்கேயும். இங்கே காலி."
பின்பக்கமிருந்து தெளிநீரைத் திறந்துவிட்டோம்.
ஒன்றுமில்லை.
அழுத்தமானி ஏறியது, ஏறியது,
பிறகு குழாய் நடுங்கியது,
அப்புறம் அத்தனையும் ஒரே மூச்சில்
எங்களை மறந்துவிட்டு ஓடியது.
சென்ஸோவின் சட்டை முழுக்கத் தெறித்திருந்தது.
சிரிப்பை அடக்க எனக்கு
விரதம் இருந்த பத்து நாளைவிடப் பாடு.

அப்படியே லாரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனோம்,
ஆள்துளை ஆள்துளையாக மூடி திறந்து.
கோயில் தெரு மூடியில் மட்டும்
என் கை கொஞ்சம் தயங்கியது.
டார்ச் வெளிச்சத்தில் வழக்கமான சாம்பல் நீர்,
அதன்மேல் இரண்டு சாமந்தி இதழ்கள்.
அவ்வளவுதான்.

ஏழாவது மூடி, பால் தொழிற்சாலைக்குக் கீழே.
மணி மூன்று பத்து.
வெள்ளையாக, வெதுவெதுப்பாக,
புளித்த வாடையோடு
குழாய் விளிம்புவரை போய்க்கொண்டிருந்தது.
ஊர் தூங்கியபின் தொட்டி கழுவுகிறார்கள்.
நேற்று மட்டுமில்லை என்று
சுவரில் படிந்திருந்த விரற்கடை கொழுப்பு சொன்னது.
நான்கு பாட்டில் நிரப்பி நேரம் எழுதினேன்.

டெர்க்சன் அறிக்கையைப் படித்தார்.
"ம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.
முருகனைப் பற்றிப் பேச்சில்லை.

இழைகள் உதிர மூன்று வாரமாவது ஆகும்.
அதுவரை திருப்புக் குழாயில் குளோரின், சொட்டுச் சொட்டாக:
கூடினால் எல்லாமே செத்துவிடும்,
குறைந்தால் எதுவும் சாகாது.
அடுத்த வருடமும் குடம் எடுப்பேன்.
ஒரு லிட்டர்.
வேண்டுமானால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வியாழன், காலை ஆறரை.
உருளைக்கு முன்னால் குனிந்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.
தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து.